மணமானவரா, மணமாகாதவரா?



மணிலா விரிகுடாவை நோக்கி நிற்கும் அமெரிக்கத் தூதரகத்தில் குடியேற்ற விசா கோரிச் செல்லும் எவரும் விடை எழுதியே தீரவேண்டிய வினா ஒன்று உண்டு. "மணமானவரா, மணமாகாதவரா?" என்பதே அது. இதற்கு விடையெழுதத் தயக்கம் ஏன் என நம்மவர் கேட்கலாம். மணமானவர் ஆனவர் என எழுதுவார், ஆகாதவர் ஆகாதவர் என எழுதுவார், அவ்வளவுதானே! ஆனால் பிலிப்பைன்ஸ் நாட்டில் எத்தனையோ கத்தோலிக்க இளைஞர்க்கு இந்த ஒரு வரியே வாழ்வின் பெருஞ்சோதனையாக வந்து நிற்கிறது. உண்மையை எழுதினால் பல்லாண்டுக் காத்திருப்பு ஒரு நொடியில் வீணாகும். பொய்யை எழுதினால் தேவாலயத்தில் கைப்பிடித்த துணையை இல்லையென மறுத்ததாகும். இம்மாதம் இதைப் பற்றியே எழுத விழைகிறோம்.

பிலிப்பைன்ஸ் மக்கள் நமக்கு அந்நியர் அல்லர். 1521-இல் செபு தீவில் முதல் ஞானஸ்நானம் பெற்ற அந்நாட்டில் இன்று ஐவரில் ஏறக்குறைய நால்வர் கத்தோலிக்கர். வளைகுடா நாடுகளின் மருத்துவமனைகளில் நம் பெண்மக்கள் அவர்தம் பெண்மக்களோடு ஒரே விடுதியில் தங்கி, ஒரே பூசையில் முழந்தாளிடுகின்றனர். "சுவாமி, என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் சகோதரிக்குக் கலியாணம் ஆயிற்றா இல்லையா என்றே எனக்கு விளங்கவில்லை, வாயால் ஒன்று சொல்கிறாள், காகிதத்தில் ஒன்று எழுதுகிறாள்" என்று விடுமுறைக்கு வந்த செவிலி ஒருத்தி நம்மிடம் கூறியதுண்டு. அந்தச் சகோதரியைக் குறை கூறுமுன் அவள் நிற்கும் இடத்தை நாம் அறிந்துகொள்வது நலம்.

முதலில் அந்நாட்டின் விவாகச் சட்டம். 1987-இல் கோரசோன் அக்கினோ அம்மையார் குடியரசுத் தலைவராயிருந்தபோது பிறப்பிக்கப்பட்ட குடும்பச் சட்டத் தொகுப்பு 1988 ஆகஸ்டு 3 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பதினெட்டு வயது நிரம்பியவர் மணம் செய்யலாம். ஆனால் இருபத்தொன்று ஆகும்வரை பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். இருபத்தொன்றுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர் பெற்றோரின் ஆலோசனையைக் கேட்டாக வேண்டும். கேளாமற்போனாலோ, பெற்றோர் வேண்டாமென்றாலோ விவாகம் அடியோடு தடைபடாது. அனுமதிப் பத்திரம் மூன்று மாதம் தாமதமாகும், அவ்வளவே. இளைஞரின் உரிமையையும் பெற்றோரின் மதிப்பையும் ஒருங்கே காத்த இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மனு கொடுத்தபின் பதிவாளர் அலுவலகத்தின் வாயிலில் பத்து நாள் அறிவிப்பு ஒட்டப்படும். நம் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோமே, அதன் அரசாங்கத் தம்பி என்று இதைக் கொள்ளலாம். பத்திரம் கிடைத்தால் அது நூற்றிருபது நாள் செல்லும். பங்குக் குருவானவரே அரசாங்கத்திலும் பதிவு பெற்று விவாகத்தை நடத்தி வைக்கலாம். நடத்தி வைத்தவர் பதினைந்து நாளுக்குள் உள்ளூர்ப் பதிவாளருக்குச் சான்றிதழை அனுப்பவேண்டும். அங்கிருந்து அது தலைநகரின் புள்ளிவிவர ஆணையத்துக்குச் சென்று அதன் பேரேட்டில் நிலைபெறும். இந்தப் பேரேட்டைச் சற்றே நினைவில் வையுங்கள். பின்னர் அது நம்மிடம் திரும்பி வரும்.

அந்நாட்டில் பொதுமக்களுக்கு மணமுறிவுச் சட்டம் கிடையாது. எப்போதும் இல்லாதிருந்ததன்று. 1917-இன் சட்டம் விபசாரக் குற்றத்துக்கு மட்டும் அதனைத் தந்தது; ஜப்பானியர் பிடியில் நாடு இருந்தபோது 1943-இல் காரணங்கள் பெருகின; 1950-இன் சிவில் சட்டத் தொகுப்பு அதனை அகற்றிவிட்டது. இஸ்லாமியர்க்கு மட்டும் 1977 முதல் தனிச் சட்டம் உண்டு. 2024 மே மாதத்தில் பிரதிநிதிகள் சபை ஒரு மணமுறிவு மசோதாவை நிறைவேற்றியது. செனட் சபையில் அது கரையேறவில்லை. இவ்வளவையும் கூறுவதற்குக் காரணம் உண்டு. குடும்ப உரிமை, குடும்பக் கடமை, மணநிலை ஆகியவை பற்றிய சட்டம் பிலிப்பைன்ஸ் குடிமக்களை அவர்கள் அயல்நாட்டில் வாழ்ந்தாலும் கட்டுப்படுத்தும் என அவர்தம் சிவில் சட்டத் தொகுப்பு பதினைந்தாம் பிரிவில் கூறுகிறது. கடல் கடந்து போகிறவன் பெட்டியோடு தன் ஊர்ச் சட்டத்தையும் சுமந்தே போகிறான்.

இனி அந்த வரிசைக்கு வருவோம். சங்கடமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அமெரிக்காவின் கதவை ஆசிய மக்களுக்கு அகலத் திறந்தது. அச்சட்டம் குடும்ப உறவையே முதன்மையாகக் கொண்டது, போற்றத்தக்கதே. ஆனால் உறவுகளை அது வகைப்படுத்தி வரிசையில் நிறுத்தியது; ஒரு நாட்டுக்கு ஆண்டுதோறும் இத்தனை பேருக்கு மேல் இல்லை என எல்லையும் வகுத்தது. பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலோ கேட்போர் மிகப் பலர். ஆதலின் வரிசை நீண்டது. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கோ கணவனுக்கோ வரிசை இல்லை. குடிமகனின் மணமாகாத, இருபத்தொரு வயது கடந்த பிள்ளை முதல் வரிசை. நிரந்தர வாசி, அதாவது பச்சை அட்டை பெற்றும் குடியுரிமை பெறாதவர், தம் மணமாகாத வளர்ந்த பிள்ளைக்கு மனு போட்டால் அது இரண்டாம் வரிசையில் ஒரு பகுதி. குடிமகனின் மணமான பிள்ளை மூன்றாம் வரிசை. முதலிரண்டிலும் பிலிப்பைன்ஸ் மக்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்துள்ளது. மூன்றாவதில் காத்திருப்பு இருபதாண்டைக் கடந்தது.

நிரந்தர வாசியின் மணமான பிள்ளைக்கு எது வரிசை? எதுவுமில்லை. அப்படி ஒரு வகையே சட்டத்தில் கிடையாது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இலோய்லோ நகரத்து மகள் ஒருத்தியை மனத்தில் கொள்வோம். அவளுடைய தாய் கலிபோர்னியாவில் செவிலியாக இருந்து பச்சை அட்டை பெற்று, மகளுக்கு இருபத்திரண்டு வயதாகும்போது மனு போடுகிறாள். மகள் காத்திருக்கிறாள். இருபத்தைந்தில் ஒரு நல்ல பிள்ளையைச் சந்திக்கிறாள். இருபத்தேழில் இரு வீட்டாரும் இசைகின்றனர். அவள் முறைப்படி தேவாலயத்தில் மணம் செய்துகொண்டால், அன்றைக்கே, எவரும் கையொப்பமிடாமலே, தாய் போட்ட மனு செத்துப்போகிறது. தாய் முன்னதாகவே அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தாலோ மனு சாகாது. பழைய தேதியோடு மூன்றாம் வரிசைக்கு மாறும், ஆனால் காத்திருப்பு இரட்டிக்கும். ஆகவே அத்தகைய குடும்பத்தில் எது முந்துகிறது என்பதே எல்லாம். தாயின் குடியுரிமை முந்தினால் மகளின் விவாகம் வழியை நீட்டும். மகளின் விவாகம் முந்தினால் வழியையே அடைக்கும். இந்தச் சிறு நுணுக்கத்தை அறியாமல் ஒரு மாத இடைவெளியில் எல்லாவற்றையும் இழக்க எந்தக் குடும்பத்துக்கும் நேரலாம்.

இதிலும் ஒரு விந்தை இருந்தது. பிலிப்பைன்ஸ் மக்களுக்கு முதல் வரிசை இரண்டாம் வரிசையினும் நீண்டிருந்த காலம் ஒன்றுண்டு. அப்போது தந்தையோ தாயோ குடியுரிமை பெற்றால் மணமாகாத பிள்ளை முன்னேறுவதற்குப் பதில் பின்தள்ளப்பட்டது! இந்த அநீதியைத் தீர்க்கவே 2002-இல் இயற்றிய சட்டமொன்றில், விரும்பினால் பழைய வரிசையிலேயே இருக்கலாம் என்ற பிரிவைச் சேர்த்தனர்.

மற்றொரு கண்ணியையும் சொல்லிவிட வேண்டும். விசா கையில் வந்துவிட்டது, விமானத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. "போகுமுன் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போட்டு அனுப்புவோம்" என்று பாட்டியார் கூறுகிறார். அன்பினால் கூறுகிறார். ஆனால் மணமாகாத பிள்ளை என விசா பெற்றவர் அமெரிக்க மண்ணில் கால் வைக்கும் அந்நேரத்திலும் மணமாகாதவராகவே இருக்கவேண்டும். விசாவுக்குப்பின் விமானத்துக்குமுன் நடந்த விவாகமும் அந்த விசாவைச் செல்லாததாக்கும். மாறாக, மணமாகாதவராகவே சென்று, நிரந்தர வாசியாகித் திரும்பி வந்து, ஊரறிய மணம் செய்து, பிறகு துணைக்கு மனு போடுவதில் எந்தக் குற்றமும் இல்லை. காத்திருப்பு அதிலும் உண்டு. எனினும் அது நேரான வழி.

நேரான வழி நீளமானது. ஆகவே குறுக்கு வழி தேடுவோர் பலர். அவர்கள் செய்வது இதுதான்: இரகசியமாக மணந்துகொண்டு, தூதரகத்தில் மணமாகாதவர் என எழுதுவது.

இரகசியமாக மணப்பது எப்படி இயலும், பத்து நாள் அறிவிப்பு ஒட்டுவார்களே என்று கேட்கலாம். குடும்பச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஐந்தாண்டுகள் கணவன் மனைவியாகவே சேர்ந்து வாழ்ந்து, மணத்துக்கு எத்தடையுமில்லாத இருவருக்கு அனுமதிப் பத்திரம் வேண்டாம். பிரமாணப் பத்திரம் போதும் என்கிறது. பல்லாண்டு சேர்ந்து வாழ்ந்த எளியோர் கூச்சமின்றித் தம் வாழ்வைச் சீர்செய்துகொள்ள இரக்கத்தினால் ஏற்பட்ட பிரிவு அது. அதையே ஐந்து மாதம் பழகிய இளைஞர் ஐந்தாண்டு எனப் பொய்ச் சத்தியம் செய்து பயன்படுத்துகின்றனர். 1986-இல், பழைய சிவில் சட்டத்தின் இதே போன்ற பிரிவின்கீழ் இத்தகைய பொய்ப் பிரமாணத்தின்மேல் நடந்த ஒரு விவாகத்தை, 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தொடக்கமுதலே செல்லாதது எனத் தீர்த்தது. ஐந்தாண்டு என்றார்கள், வாழ்ந்தது ஐந்து மாதமே. விவாகத்தைக் காக்கவென்று சொன்ன பொய் விவாகத்தையே விழுங்கிவிட்டது!

வேறு சிலர் குருவானவரிடம் வருகின்றனர். "சுவாமி, கோயிலில் மட்டும் ஆசீர்வதித்து விடுங்கள், அரசாங்கக் காகிதம் வேண்டாம், கடவுள் முன் நாங்கள் கணவன் மனைவி, அது போதும்" என்கின்றனர். பக்தியாகத் தோன்றும் இவ்வேண்டுகோளில் எந்தக் குருவின் மனமும் இளகும். ஆனால் இளகலாகாது. அனுமதிப் பத்திரமின்றி விவாகம் நடத்தும் குருவை அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 352-ஆம் பிரிவு தண்டிக்கிறது. 2003-இல் வட இலோக்கோஸ் மாகாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். விவாக நாளன்று, மணமக்களிடம் பத்திரம் இல்லையென அறிந்த கத்தோலிக்கப் பங்குக் குரு நடத்த மறுத்துவிட்டார். மணமக்கள் அணிந்த உடையோடும் உறவினரோடும் பிலிப்பைன்ஸ் சுதந்திரத் திருச்சபையின் கோயிலுக்குச் சென்றனர். அங்கிருந்த குரு, பத்திரம் இல்லையென்று தெரிந்தே, சடங்கை நடத்திவைத்தார். தாம் செய்தது விவாகமன்று, வெறும் ஆசீர்வாதமே என அவர் வாதாடினார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2014-இல் அவருக்கு எதிராகவே முடிந்தது. அபராதம் இருநூறு பேசோதான். ஆனால் நீதிமன்றங்களில் கழிந்த ஆண்டுகள் எத்தனை! மறுத்த குருவை அன்று மணவீட்டார் எவ்வளவு ஏசியிருப்பர் என நாம் ஊகிக்கலாம். நம் பங்குகளிலும் பதிவேடு இல்லாத ஆசீர்வாதம் கேட்டு வருவோர் உண்டு. மறுக்கும் குருவானவர் மனமில்லாதவர் என எண்ணிவிடாதீர்கள்.

திருச்சபைச் சட்டத்திலேயே இரகசிய விவாகத்துக்கு இடமுண்டே என்று கற்றறிந்தோர் கேட்கக்கூடும். உண்டு. 1983-இன் சட்டத் தொகுப்பு, 1130-ஆம் எண் முதல் அதனைக் கூறுகிறது. கனமான, அவசரமான காரணம் இருந்தால் ஆயர் அனுமதிக்கலாம். பதிவு ஆயரகத்தின் இரகசியக் காப்பகத்தில் மட்டும் இருக்கும். ஆனால் தூதரகத்தில் பொய் எழுதுவதற்கு வசதியாக ஏற்பட்டதன்று அது. மேலும், நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொள்ளாத அல்லது நடத்த இடங்கொடாத விவாகத்துக்குத் தல ஆயரின் அனுமதியின்றிக் குரு துணைநிற்கலாகாது என 1071-ஆம் எண் தடுக்கிறது. விவாகம் இருவர் மட்டும் அறிந்த அந்தரங்கம் அன்று. ஊரும் சபையும் அறியவேண்டிய நிலை. பெயர்ப் பதிவுக்காக நிறைமாத மரியன்னையை உடனழைத்துக்கொண்டு பெத்லகேம் சென்ற சூசையப்பரும் பதிவேட்டுக்கு ஒளியவில்லை.

ஒளிந்தாலும் பதிவேடு விடுவதில்லை. முன்னர்க் கூறிய பேரேடு இங்கேதான் வருகிறது. அயல்நாடு செல்லும் பிலிப்பைன்ஸ் இளைஞரிடம் "விவாகம் பதிவாகவில்லை" என்னும் சான்றிதழ் கேட்கப்படும். புள்ளிவிவர ஆணையம் பேரேட்டைத் துருவிப் பார்த்தே அதனைத் தரும். உள்ளூர்ப் பதிவாளரிடமிருந்து சான்றிதழ் இன்னும் போய்ச் சேராத இடைவெளியில் சிலர் தப்பிவிடுவர். தப்பி அமெரிக்கா சேர்வர். ஆண்டுகள் சிலவற்றுக்குப்பின் ஊரிலிருக்கும் கணவனை அழைத்துக்கொள்ள மனு போடுவர். மனுவோடு விவாகச் சான்றிதழை இணைக்கவேண்டும். அதிலுள்ள தேதியும் அவள் மணமாகாதவளென நாட்டில் நுழைந்த தேதியும் ஒரே மேசைமேல் அருகருகே கிடக்கும். அதிகாரிக்கு வேறு சாட்சி எதற்கு? கணவனுக்கென்று போட்ட மனு மனைவியை நாடு கடத்தும் வழக்காக மாறுகிறது. ஊருக்குத் திரும்பி வந்து இரண்டாம் முறை ஆடம்பரமாக மணம் செய்து புதிய தேதியில் சான்றிதழ் பெறுவோரும் உண்டு. அவர்கள் பெயரில் பேரேட்டில் இரண்டு விவாகம் நிற்கும், அதிகாரி முந்தியதையே பார்ப்பார்.

இதனினும் நம் மனத்தை வருத்துவது பிள்ளையின் நிலை. அந்நாட்டின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் மணந்த நாளும் இடமும் எழுதுவதற்கென ஒரு கட்டம் உண்டு. மறைத்து மணந்தவர்க்குக் குழந்தை பிறந்தால் அக்கட்டத்தில் என்ன எழுதுவர்? உண்மையை எழுதினால் மறைத்தது வெளிப்படும். மணமாகவில்லை என எழுதினால், முறையான விவாகத்தில் பிறந்த பிள்ளை விவாகத்துக்குப் புறம்பே பிறந்ததாகப் பதிவாகும். அந்நாட்டுச் சட்டத்தில் அத்தகைய பிள்ளைமேல் தாய்க்கு மட்டுமே பெற்றோர் அதிகாரம். சொத்திலும் முறைப்படி பிறந்த பிள்ளையின் கட்டாயப் பங்கில் பாதிதான். தந்தை உயிரோடு பக்கத்தில் நிற்க, தொட்டிலிலேயே குழந்தையைத் தந்தையற்றதாக்கி எழுதும் அந்தப் பேனாவைப் பிடிப்பவர் யார்? பெற்ற தாயே அல்லவா!

கானடா நாட்டின் விதி இதனினும் கடுமையானது. அங்கே 1992 முதல் நடந்த வீட்டுப் பராமரிப்பாளர் திட்டத்தில் பிலிப்பைன்ஸ் பெண்கள் மிகப் பலர் சென்றனர். மணமாகாதவர் என்றால் எளிதில் எடுப்பார்கள் என்ற பேச்சை நம்பிக் கணவனையும் பிள்ளைகளையும் குறிப்பிடாமல் விட்டோர் உண்டு. நிரந்தரக் குடியேற்றத்தின்போது அறிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட குடும்பத்தினரைப் பின்னர்க் குடும்ப வகையில் அழைக்கவே முடியாது என்பது அந்நாட்டு விதி. பெற்ற பிள்ளைகளுக்காகவே அயலார் பிள்ளைகளைச் சீராட்டிய தாய், அந்தப் பிள்ளைகளை அழைக்கும் உரிமையைத் தானே எழுதிக் கொடுத்தவளாகிறாள். இக்கொடுமையைக் கண்டே 2019-இல் சிலருக்கு இரங்கும் தற்காலிக ஏற்பாடு ஒன்றை அவ்வரசு தொடங்கியது.

அந்நாட்டுப் பெற்றோரிடம் பேசும் வாய்ப்பு இருந்தால் நாம் ஒன்றைக் கேட்போம். "காகிதம் வரும்வரை மணமாகாதவள் என்றே சொல் மகளே" என முதலில் சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் முகவர் அல்லர், வீட்டிலுள்ள பெரியவரே. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கடன்பட்டுப் படிக்கவைத்தவர்கள், பிள்ளை கரையேறட்டும் என எண்ணுகிறவர்கள். ஆயினும் வளர்ந்த மகனையும் மகளையும் முப்பத்தைந்து வயதுவரை மணமுடிக்காமல் வரிசையில் நிறுத்திவைக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டா? இச்சட்டங்களின் கடுமையை நாம் நியாயப்படுத்தவில்லை. மணமான மகனை இருபதாண்டு காக்கவைக்கும் சட்டம் குடும்பத்தை மதிக்கும் சட்டம் எனச் சொல்ல நமக்கு நா எழவில்லை. ஆனால் சட்டம் கடுமையானது என்பதால் பொய் பத்திரமானதாகிவிடாது. காத்திருக்க மனமிருந்தால் இருவரும் வெளிப்படையாகக் காத்திருக்கட்டும். இல்லையேல் வெளிப்படையாக மணந்துகொண்டு, அந்த மனு போகிறதென்றால் போகட்டும் என வேறு வழி பார்க்கட்டும். செவிலியர்க்கும் பிற தொழில் கற்றோர்க்கும் குடும்பம் சாராத வழிகளும் இருக்கின்றன.

அயல்நாட்டவரை மணப்போர் பற்றியும் சிறிது கூறவேண்டும். அமெரிக்கக் குடிமகன் தான் மணக்கவிருக்கும் பெண்ணை நிச்சய விசாவில் அழைத்துக்கொள்ளலாம். மனுவுக்கு முந்திய ஈராண்டுக்குள் இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். அவள் சென்று இறங்கிய தொண்ணூறு நாளுக்குள் அவனையே மணக்கவேண்டும். வேறெவரை மணந்தாலும் அந்த விசாவின்மேல் அங்கே தங்கமுடியாது. முன்னதாகவே ஊரில் இரகசியமாக அவனையே மணந்திருந்தாலும் நிச்சய விசாவுக்குத் தகுதி இல்லை. மனைவிக்கு நிச்சயம் எதற்கு? பிலிப்பைன்ஸிலேயே மணப்பதானால், அயல்நாட்டவர் தமக்கு மணக்கத் தடையில்லை எனத் தம் தூதரகத்தின் சான்றைப் பதிவாளரிடம் கொடுக்கவேண்டும்.

புதுமணத் தம்பதியர்க்கு அமெரிக்கா முதலில் தருவது ஈராண்டுக்கான நிபந்தனை அட்டை. அதன் முடிவில் இருவரும் சேர்ந்து மனு செய்யவேண்டும். கொடுமைக்காரக் கணவன் இதையே சாட்டையாக்கி, "கையெழுத்துப் போடமாட்டேன், உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என மிரட்டுவதுண்டு. அடிபட்ட மனைவி அவனுடைய கையெழுத்து இல்லாமலே மனு செய்யலாம் என்று சட்டம் இருப்பதை ஒவ்வொரு பெண்ணும் புறப்படுமுன்பே அறிந்திருக்கவேண்டும். 1995-இல் சியாட்டில் நகரத்து நீதிமன்றக் கட்டிடத்துக்குள்ளேயே, அஞ்சல் வழி அறிமுகமாகி மணந்த கணவனால் கர்ப்பிணியான பிலிப்பைன்ஸ் பெண்ணொருத்தி சுட்டுக் கொல்லப்பட்டாள். அவளுக்குத் துணையாக வந்த இரு தோழியரும் மாண்டனர். நிச்சய விசா கோரும் ஆணின் குற்றப் பின்னணியைப் பெண்ணுக்கு முன்னரே தெரிவிக்கவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் வந்தது 2006-இல்.

பிலிப்பைன்ஸ் அரசும் வாளாவிருக்கவில்லை. பட்டியல் போட்டுப் பெண்களை அயல்நாட்டவர்க்கு மணமுடிக்கும் வாணிகத்தை 1990-இல் குற்றமாக்கியது; 2016-இன் புதிய சட்டம் ஆண்களுக்கும் அப்பாதுகாப்பை விரித்தது. 1980-இல் தோன்றிய வெளிநாட்டுப் பிலிப்பினோர் ஆணையம், அயல்நாட்டவரை மணந்து செல்வோர்க்கு ஆலோசனை வகுப்பு நடத்தி, அதன் சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏற விடுவதில்லை. நல்ல மேய்ப்பர் சபைக் கன்னியரின் மையம் ஒன்றும் இந்த ஆலோசனைப் பணியைப் பல்லாண்டு செய்தது. புறப்படும் அவசரத்தில் இந்த வகுப்பைத் தொல்லையாக எண்ணுகிறவர் பலர். நாமோ, விவாக ஆயத்த வகுப்புக்கு ஒப்புக்கு வந்து பின்வரிசையில் உறங்கும் நம் இளைஞரை நினைத்துக்கொள்கிறோம்.

சென்ற இடத்தில் மணம் முறிந்தால்? பிலிப்பைன்ஸ் குடிமக்கள் இருவர் நெவாடாவிலோ வேறெங்கோ மணமுறிவு பெற்றாலும் மணிலாவில் அவர்கள் இன்னும் கணவன் மனைவியே. துணைவர் அயல்நாட்டவராயிருந்து அவர் மணமுறிவு பெற்றால், பிலிப்பைன்ஸ் துணைவருக்கும் மறுமணத் தகுதி உண்டு எனக் குடும்பச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு கூறுகிறது. மணந்தபோது இருவரும் பிலிப்பினோராயிருந்து பின்னர் ஒருவர் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தாலும் இது செல்லும் என 2005-இலும், மணமுறிவைக் கோரியவர் பிலிப்பினோ துணைவராயிருந்தாலும் செல்லும் என 2018-இலும் உச்ச நீதிமன்றம் விரித்துரைத்தது. எதுவாயினும் உள்நாட்டு நீதிமன்றத்தில் அயல்நாட்டுத் தீர்ப்பையும் அந்நாட்டுச் சட்டத்தையும் மெய்ப்பித்து ஏற்பு வாங்கவேண்டும். வாங்கும்வரை பேரேடு மாறாது. இவையெல்லாம் அரசாங்க நிலை பற்றியவை. தேவாலயத்தில் கட்டிய விவாகத்தை எந்த நீதிபதியின் முத்திரையும் அவிழ்ப்பதில்லை என்பதை நம் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்றையும் குறிப்பிடலாம். அந்நாட்டுக் குடும்பச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, விவாகக் கடமைகளை ஏற்க உளவியல் முறையில் இயலாதவரின் விவாகம் செல்லாது என்கிறது. இதன் மூலம் நம் திருச்சபைச் சட்டத்தின் 1095-ஆம் எண்ணே. நாட்டுச் சட்டம் திருச்சபையிடம் கடன் வாங்கிய அரிய இடம் இது. 2021-இல் உச்ச நீதிமன்றம், இது மருத்துவ நோயன்று, சட்டக் கருத்தே எனத் தெளிவாக்கியது. ஆனால் திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பு அரசாங்கத்தைக் கட்டாது. அரசாங்கத் தீர்ப்பு திருச்சபையைக் கட்டாது. இரண்டையும் தனித்தனியே நாடவேண்டும்.

பெண்கள் ஒரு சிறு செய்தியையும் அறிந்திருக்கட்டும். மணந்த பெண் கணவனின் குடும்பப் பெயரை ஏற்கலாம் என்பதே அந்நாட்டுச் சட்டம்; ஏற்றே தீரவேண்டும் என்பதன்று. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒருமுறை ஏற்றபின் எளிதில் மாற்றமுடியாது என 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2024-இன் பாஸ்போர்ட்டுச் சட்டம் ஒரேயொரு முறை கன்னிப் பெயருக்குத் திரும்ப இடமளித்தது. விமானச் சீட்டு, விசா, விவாகச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா எனப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நலம்.

முன்னமே மறைத்துவிட்டவர்கள் என்ன செய்வது? நம் பெண்மக்களின் தோழியருள் அத்தகையோர் இருந்தால் இதைச் சொல்லுங்கள். முதற்பொய்யைக் காக்க இரண்டாம் பொய்யை எழுதவேண்டாம். மறுமுறை மணம் செய்து புதுச் சான்றிதழ் வாங்கவேண்டாம். அமெரிக்காவில் பெற்றோரோ துணையோ பிள்ளையோ குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருந்தால், இத்தகைய மறைப்பை மன்னித்து நாடு கடத்தாமல் விட நீதிபதிக்கு அதிகாரம் தரும் பிரிவு ஒன்று உண்டு. அது உரிமையன்று, நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது. எனினும் பலர் அறியாமலே அஞ்சி ஒளிகின்றனர். கணவனுக்கு மனு போடுவதற்கு முன்பே, போட்ட பின்பு அன்று, குடியேற்றச் சட்டம் பயின்ற வழக்கறிஞரிடம் செல்லட்டும். பங்குப் பதிவேட்டின் பிரதி, பேரேட்டுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் கையோடு கொண்டு செல்லட்டும். ஊர் முகவரிடம் செல்லவேண்டாம். பல வேளைகளில் அந்த முதற்பொய்யை நிரப்பிக் கொடுத்தவரே அவர்தாம்.